உப்புப் போடாத கூழ்

எங்கள் ஊரில் கோடைக்கு உணவுத் திருவிழா நடக்கிறது என்று கம்பெனியில் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் நீண்டு நிற்கும் லாரிகள். இதற்கு நடுவில் கேழ்வரகையும் வேர்க்கடலையையும் தர்பூசணியையும் வைத்துக்கொண்டு என்ன திருவிழா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். இந்தப் புகைக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவில்தான் நாங்கள் இன்றைக்கும் நாற்று விடுகிறோம், களை எடுக்கிறோம், அறுக்கிறோம். அறுத்ததைச் சேர்ந்து சாப்பிட ஒரு நாள் ஒதுக்கிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

வைகாசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது நடக்கும். பள்ளி மைதானத்தில் பந்தல் போடுவார்கள். விவசாயிகள் சங்கம் முன்னின்று நடத்தும். ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து வேர்க்கடலை உருண்டையும் கரும்புச் சாறும் வரும். எங்கள் பக்கத்துத் தோப்பு மாம்பழம், மணல் நிலத்துத் தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, கம்பங்கொழுக்கட்டை, முருங்கைக்கீரை அடை என்று மைதானத்தைச் சுற்றிக் கடைகள் இருக்கும். ஒரு கடையில் நின்று சாப்பிடும்போதே அடுத்த கடையின் வாசனை இழுக்கும். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஒருவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் அண்டா இருக்கும். திருவிழாவின் உயிரே அதுதான். அந்தக் கோடையில் கேழ்வரகு விளைவித்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தூக்குக் கூழ் கொண்டுவந்து அந்த அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகு, விருந்தாளியாக வரும் அதிகாரி முதல் டம்ளர் குடிப்பார். அப்புறம் ஊரே குடிக்கும். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்களே, அதைப் பார்த்துச் சங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்ட வழக்கம் இது. கலந்த கூழில் எது யார் வீட்டுக் கூழ் என்று பிரிக்க முடியாது. எங்களுக்குச் சிக்கலும் அங்கேதான் இருந்தது.

நாங்கள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. எங்கள் அம்மா அப்பா காலத்தில் தெருவே மேல்தெருக்காரர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தது. இப்போது தெருவே கம்பெனி பஸ் ஏறுகிறது. வெல்டிங், பேக்கிங், கிரேன், செக்யூரிட்டி என்று எங்கள் தெருவில் இல்லாத வேலை இல்லை. என் வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறார். நான் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். அளவு சரியில்லாத பாகத்தைத் தூக்கி ரிஜக்ட் பெட்டியில் போடுவதுதான் என் வேலை. ரிஜக்ட் பண்ணிப் பழகியவள் நான். ரிஜக்ட் ஆகிப் பழக்கமில்லை. கதையின் பாதி அதில் இருக்கிறது.

மீதிப் பாதி என் அம்மா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் மேல்தெருவில் ஒரே வீட்டு நிலத்தில் நடவும் களையெடுப்புமாக இருந்தவள். அந்த வீட்டுக்காரர்தான் இப்போது விழாக் கமிட்டித் தலைவர். அம்மாவைவிட வயதில் கொஞ்சம்தான் பெரியவர். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் பாதிப் பேச்சு தெலுங்கு. அம்மா அவரை 'நைனா' என்பாள், அப்பா என்று அர்த்தம். நான் 'சார்' என்பேன். கம்பெனியில் மேனேஜரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், அதற்கு மேல் ஒரு மரியாதை என்னிடம் ஸ்டாக் இல்லை.

அந்த நாட்களில் மத்தியானம் அவர் வீட்டிலிருந்து வயலுக்குக் கூழ் வரும். வரப்பில் நின்றபடி உயரத் தூக்கி ஊற்றுவார்கள். பாத்திரத்தோடு பாத்திரம் இடித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த உயரம். கீழே உட்கார்ந்து அம்மா ஏந்திக்கொள்வாள். நான் சின்னப் பிள்ளையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தெறித்த கூழைக் கையில் துடைத்திருக்கிறேன். அம்மா இதைப் பற்றி ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை. நான்தான் பேசுவேன். 'வுடுமே, வவுறு ரொம்பிச்சா இல்லியா' என்று அவள் முடித்துவிடுவாள்.

சென்ற வருஷம் நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வாங்கி அம்மா பெயரில் எழுதினோம். பத்திரம் கைக்கு வந்த அன்று அவள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் விடியற்காலையில் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் நிலத்தின் நடுவில் நின்று மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். தை பிறந்ததும் கேழ்வரகு நாற்று விட்டாள். பக்கத்து நிலத்து போர்வெல்லில் தண்ணீர் பாய்ச்சி, தானே நட்டு, தானே களையெடுத்து, சித்திரை கடைசியில் அறுத்தாள். உதவிக்கு ஆள் வைக்கிறேன் என்றால் கோபம் வந்தது. 'எத்தினியோ பேரு நெலத்துல செஞ்சேன், என்னுதுல செய்யக்கூடாதா?' என்றாள். வாழ்நாளெல்லாம் பிறத்தியாருக்கு விளைய வைத்தவளுக்குத் தன் பெயரில் விளைந்தது அதுதான் முதல் முறை. கதிர் நன்றாகவே பிடித்திருந்தது.

அறுவடை முடிந்த கையோடு மெயின்ரோட்டில் திருவிழா பேனர் கட்டினார்கள். 'கேழ்வரகு விளைவித்த வீடெல்லாம் கூழ் கொண்டு வருக' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பாள். பேனருக்கு முன்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, 'நாமளும் வெளைய வெச்சிக்கீறோமே' என்றாள். அவள் கண்ணைப் பார்த்தேன். தன் கேழ்வரகும் அந்த அண்டாவில் சேர வேண்டும் என்று அது கேட்டது. பொன்னா பொருளா, ஒரு தூக்குக் கூழ். அதற்கு மேல் என் அம்மா இந்த ஊரிடம் எதையும் கேட்டதில்லை.

அதற்காகவே கடைக்குப் போய்ப் புதுத் தூக்கு வாங்கினோம். கைப்பிடியும் மூடியும் பளபளக்கும் எவர்சில்வர் தூக்கு. பத்து வீட்டுத் தூக்கு சேரும் இடத்தில் மாறிவிடக் கூடாது என்று அம்மா அதில் தன் பெயரின் முதல் எழுத்தை வெட்டித் தரச் சொன்னாள். கடைக்காரர் வெட்டிக் கொடுத்ததும் எழுத்தின் மேல் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

எங்கள் தெருப் பெண்களுக்குத் திருவிழாவில் ஒரு கடையும் கொடுத்திருந்தார்கள். கூழும் கருவாட்டுக் குழம்பும் விற்கலாம் என்று முடிவு செய்தோம். ஆகவே அம்மா அண்டாவுக்கு ஒரு தூக்கும் கடைக்கு ஒரு பெரிய தவலையுமாகக் கூழ் காய்ச்சினாள். கேழ்வரகு மாவை முதலில் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேக வைத்து, அதில் மாவை ஊற்றிக் கிளறினாள். துடுப்புப் போட்டது என் வீட்டுக்காரர். 'லாரி ஸ்டேரிங்கே இத்துக்கு மேலு' என்று முனகிக்கொண்டே கிளறினார். அம்மா கூழில் உப்புப் போடமாட்டாள். உப்பைப் போட்டு வைத்தால் நீர்த்துவிடும் என்பாள். கரைத்துக் குடிக்கும்போது அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். 'உப்பு அவுங்கவுங்க வாயிக்கு' என்பது அவள் சட்டம். வயலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் எங்கள் தெருவில் அப்படித்தான் செய்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சுக்குப் போகவில்லை. காய்ச்சலில்கூடப் போகிறவள். 'சாமிக்குத் தெரியும், நான் எங்க போறேன்னு' என்று சொல்லிவிட்டுப் புதுப் புடவை கட்டிக்கொண்டு தூக்கை எடுத்தாள்.

பந்தலில் அண்டாவைச் சுற்றி மேல்தெருப் பெண்கள் தூக்கோடு நின்றிருந்தார்கள். அண்டாப் பக்கத்தில் கோயிலில் கூழ் வார்க்கிற பெரியவர் கரண்டியோடு தயாராக இருந்தார். வருஷா வருஷம் ஆடியில் அதே கரண்டியைப் பிடிக்கிறவர். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண் அம்மாவின் தூக்கைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

'உப்பு போட்டுக்கினு வந்தியா?'

'இல்லமா, நாங்க போடறதில்ல.'

'குரூப்புல போட்டாங்களே, எல்லாரும் ஊட்லயே உப்பு போட்டு எடுத்துக்கினு வரணும்னு. பாக்கலியா?'

'எந்தக் குரூப்பு?'

'சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பு.' சொன்ன பிறகுதான் நாங்கள் அதில் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. சமாளிக்கச் சிரித்தாள். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. போ, கொஞ்சம் போட்டுக் கலக்கிக்கோ.'

அதற்குள் தலைவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பேட்ஜ், முறுக்கி விட்ட நரைத்த மீசை. அந்த மீசையை அவர் வயலைவிட அதிகம் கவனிப்பார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. நல்லவிதமாகத்தான் பேசினார். நல்லவிதமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

'இன்னாம்மே, நீயும் வந்துக்கினியா? சந்தோசம். உங்க தெருவுக்குத்தான் அந்த ஓரத்துல கடை குடுத்துக்கீறோமே. அங்க வெச்சி எல்லாருக்கும் குடு.'

'கடைக்கு வேற கீது நைனா. இது அண்டாவுக்கு' என்று அம்மா தூக்கைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள்.

'அண்டா சங்கத்து ஆளுங்களுதும்மே.'

நான் நடுவில் புகுந்தேன். 'பேனர்ல வெளைவிச்ச வீடெல்லாம்னுதான் போட்டிருக்கு சார். சங்கத்து வீடெல்லாம்னு போடலியே.'

'நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அதிகாரி வர்ற நேரத்துல எதுக்கு பேஜாரு? அடுத்த வருசம் பாத்துக்கலாம்.'

அந்த நாலு பேர் யார் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். 'வுடுமே' என்றாள். ஆனால் வழக்கமாகச் சொல்லும் 'வுடுமே' இல்லை அது. குரல் உள்ளே போயிருந்தது.

எங்கள் கடை பைக் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், வெயில் நேராக விழும் மூலையில் இருந்தது. தவலையை மேஜைக்குப் பின்னால் இறக்கி வைத்திருந்தோம். அதிகாரி வந்து முதல் டம்ளர் குடிக்கும்வரை எந்தக் கடையிலும் விற்கக் கூடாது என்பது கமிட்டி உத்தரவு. அம்மா தூக்கை மேஜைக்கு அடியில் வைத்து, அதன் மேல் ஈரத்துணியைப் போட்டாள். பிறகு உட்கார்ந்து சின்ன வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வசதியாகப் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்விடலாம், இந்தக் கூழை நம் தெருவே குடிக்கட்டும் என்றேன். 'கடை குடுத்துக்கீறாங்க. சொன்ன சொல்லுக்கு வித்துட்டுப் போலாம்' என்றாள்.

அப்போதுதான் அண்டாப் பக்கம் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். ஆடிக் கூழுக்கு எல்லா வீட்டிலிருந்தும் உப்பில்லாமல்தான் கொண்டுவருவார்கள். கோயிலில் கலந்த பிறகு கூழ் வார்க்கிற பெரியவர் மொத்தத்துக்கும் உப்புப் போடுவார். காலங்காலமாக அவர் கைக்கு அது பழக்கம். இந்த முறை எல்லாரும் வீட்டிலேயே உப்புப் போட்டு வர வேண்டும் என்று குரூப்பில் எழுதினார்கள். மேல்தெரு முழுக்கப் படித்து, ஒரு வீடு தவறாமல் போட்டார்கள். பெரியவரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு யாரும் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. எல்லாத் தூக்கும் காலியானதும் அவர் வழக்கம்போல் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வாங்கி வைத்திருந்த கல் உப்பைப் படி படியாக அள்ளி அண்டாவில் போட்டு, நன்றாகக் கரையும்வரை துழாவிவிட்டார்.

தலைவர் ருசி பார்க்க ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கை நான் என் மூலையிலிருந்தே பார்த்தேன். பக்கத்தில் ஒருவர் குடித்துவிட்டு, 'பயவேற்காட்டு உப்புத்தண்ணியே தோத்துச்சிப்பா!' என்று துப்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

பந்தலே பரபரத்தது. ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினால் அதைக் கூழ் என்று சொல்ல முடியாது. ஒருவர் மோர் என்றார். அந்த அண்டாவுக்கு மோர் ஊற்ற ஊர் மாடெல்லாம் சேர்ந்தாலும் போதாது. ஒரு புண்ணியவான் வெல்லம் போடலாம் என்றார், அவரை ஓரமாகத் தள்ளினார்கள். புதுசாகக் காய்ச்ச மாவு புளிக்க வேண்டும். இதற்குள் அதிகாரியின் கார் கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. உப்பில்லாத கூழை நிறைய ஊற்றிக் கலந்தால் மட்டும்தான் அந்த அண்டா பிழைக்கும். மேல்தெருவில் உப்பில்லாத கூழ் ஒரு சொட்டு இல்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அந்தப் பெண்தான் எங்கள் மூலையைக் கை காட்டினாள். நான் பார்த்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றவளே எங்கள் குப்பையைத் தேடி ஆள் அனுப்பினாள்.

தலைவர் தானே வந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் தவலையை எட்டிப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

'இன்னாம்மே, அங்க ஒரு தப்பு நடந்து பூடுச்சி. கேட்டிருப்ப. உங்க கூழு உப்பில்லாததாமே. அத்தக் கொஞ்சம் குடுத்தா ஊர் மானம் நிக்கும்.' குரலைத் தாழ்த்தினார். 'பந்தலுக்குப் பின்னால கீத்து மறைப்பு கீது. அந்தப் பக்கமா எடுத்துக்கினு வந்தா சட்டுனு ஊத்திக்கலாம். யாருக்கும் தெரியத் தேவையில்ல.'

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்டி சார்?' என்று சத்தமாகவே கேட்டேன். பக்கத்துக் கடைகளில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கை தானாக மீசைக்குப் போய், பாதியில் இறங்கியது. நான் விடவில்லை. 'முன்னாடி வழியில வர்றதுக்கு ஆகாத கூழு, பின்னாடி வழியில வந்தா ஆயிடுமா? தர முடியாது. அந்த உப்பையே அதிகாரிக்குக் குடுங்க.'

அந்த நிமிஷம் என் மனசு அதைத்தான் விரும்பியது. அவர் அந்த உப்புக் கூழை மாலை மரியாதையோடு அதிகாரி கையில் கொடுத்து அசடு வழிய வேண்டும், நான் முதல் வரிசையில் நின்று பார்க்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அம்மாவை வெங்காயம் உரிக்க வைத்தவர் கொஞ்சம் அழுதால்தான் என்ன?

ஆனால் கூழ் என்னுடையது இல்லை, அம்மாவுடையது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து தூக்கை எடுத்தாள். ஈரத்துணியை நீக்கி, அதை மேஜையின் மேல், அவருக்கு நேராக வைத்தாள்.

'தவலய வாணாம்னு சொல்லல நைனா. எடுத்துக்கோ. ஆனா மொதல்ல இது. வந்த வயியிலயே எடுத்துக்கினு வருவேன். இத்த ஊத்துனப்பால அத்த ஊத்திக்கோ.'

அவர் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் அவர் திருப்பி அனுப்பிய அதே தூக்கு. பந்தலிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து, கார் வந்துக்கினே கீது என்று அவசரப்படுத்தினார்கள். அவருக்கு இன்னொரு பயமும் வந்துவிட்டது. 'இதுல உப்பு இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா? இன்னொரு தபா தப்பானா மொத்தமும் பூடும்.'

'நாக்குல வெச்சிப் பாத்தாத்தானே தெரியும்' என்றாள் அம்மா.

அவர் கூட வந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் போனைப் பார்த்தார். கூழ் வார்க்கிற பெரியவரும் பின்னாலேயே வந்திருந்தார். தலைவர் அவரைப் பார்த்தபோது பெரியவர் கையை விரித்துவிட்டார். 'என் நாக்கு அந்த உப்புல மரத்துப் பூடுச்சி. நீயே பாரு.'

அம்மா டம்ளரைக் கழுவித் தூக்கிலிருந்து கூழை ஊற்றினாள். நான் அவள் கையையே பார்த்தேன். அவள் உயரத் தூக்கி ஊற்றவில்லை. டம்ளரில் ஊற்றி, டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். ஒரு மனிதருக்குக் குடிக்கக் கொடுக்கிற விதத்தில் கொடுத்தாள். என்னால் அப்படிக் கொடுத்திருக்க முடியாது. அம்மாவை நினைத்து எனக்கு அழுகையே வந்தது. வெங்காயம் என் பக்கத்தில் இல்லை.

சுற்றிலும் கூட்டம் நின்றது. அவர் வாங்கினார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி நாக்கைச் சப்புக் கொட்டிப் பார்த்தார். உப்புப் பார்க்க ஒரு வாய் போதும். அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் மீதியையும் குடித்து முடித்தார். வெயிலில் ஓடியாடி வந்தவருக்குத் தாகமாக இருந்திருக்கலாம். கூழ் அவ்வளவு நன்றாக இருந்தது என்றும் இருக்கலாம்.

'உப்பு இல்ல' என்றார். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டு, 'வா, போலாம். முன்னாடி வயியாவே வா' என்றார்.

அம்மா தூக்கோடு முன்னால் நடந்தாள். பின்னால் என் வீட்டுக்காரரும் எங்கள் தெரு ஆண்கள் மூன்று பேரும் தவலையின் காதில் துண்டைக் கட்டித் தூக்கி வந்தார்கள். வாழைமரம் கட்டிய வாசல் வழியாகத்தான் போனோம். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே, 'ஓரம், ஓரம், லோடு வருது!' என்று துறைமுகத்தில் கத்துகிற மாதிரி கத்தினார். அண்டாப் பக்கம் போனதும் பெரியவர் கரண்டியை நீட்டித் தூக்கை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். அம்மா தரவில்லை. அண்டாவின் விளிம்புக்குப் போய், தானே சாய்த்து ஊற்றினாள். கடைசிச் சொட்டுவரை வழித்து ஊற்றினாள். அப்புறம்தான் தவலை இறங்கியது. பெரியவர் துழாவினார், மரத்துப்போன அதே நாக்கில் ருசி பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார், மறுபடியும் துழாவினார். கடைசியில் தலையை ஆட்டினார்.

இரண்டு மூன்று பேர் தங்கள் காலித் தூக்கை எடுத்துக்கொண்டு பந்தலை விட்டு நகர்ந்ததையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்கள் போகட்டும். அவர்கள் வீட்டுக் கூழ் எங்கள் கூழோடு கலந்தாகிவிட்டது, அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

கார் வந்து நின்றது. அதிகாரி ஓர் அம்மா. மாலையைக் கழற்றிப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, பேச்செல்லாம் அப்புறம், முதலில் கூழ் என்றார். பெரியவர் டம்ளரில் வெங்காயமும் மாங்காய்த் துண்டும் போட்டுக் கொடுத்தார். வெயிலில் வந்தவர் நின்ற நிலையிலேயே முழுசும் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். கூட்டம் கை தட்டியது. தலைவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

'ரொம்ப நல்லா இருக்கு. யாரோட நிலத்துல விளைஞ்ச கேழ்வரகு இது?' என்று மைக்கில் கேட்டார் அதிகாரி.

தலைவர் மைக்கை வாங்கினார். 'எல்லாம் எங்க சங்கத்து...' என்று ஆரம்பித்தார். அவர் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது.

என் அம்மா சர்ச்சில் பாட்டைக்கூட வாய்க்குள்ளேயே பாடுகிறவள். கல்யாண வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கேட்கச் சொல்கிறவள். அவள் காலித் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் பக்கத்திலிருந்து ஓர் அடி முன்னால் வைத்தாள். மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது.

'அதுல என்னுதும் கீதும்மா.'